தொண்ணூறு பாகைக்கு அப்பால்: வன்னியில் இணைந்த கணிதம் தொடங்கும் பிள்ளைகளுக்கு ஒரு திறந்த மடல்



சாதாரண தரப் பரீட்சை முடிந்த கையோடு பரந்தனிலும் மல்லாவியிலும் நெடுங்கேணியிலும் புதுக்குடியிருப்பிலும் செட்டிகுளத்திலும் வீட்டுக்கு வீடு ஒரே கதைதான் நடக்கும்: கணிதப் பிரிவா, உயிரியலா, கலையா, தொழினுட்பமா? இணைந்த கணிதம் என்று துணிந்துவிட்டவர்களுக்கும், துணிந்த பிறகு பயந்துகொண்டிருப்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன். உங்களில் சிலருடைய பாடசாலையில் அந்தப் பாடத்துக்கு ஆசிரியர் இருக்கமாட்டார். இருந்தவரும் இடமாற்றம் எடுத்துக்கொண்டு போயிருப்பார். சிலர் ரியூசனுக்காக விடியப்புறம் பஸ் பிடித்துக் கிளிநொச்சிக்கோ வவுனியாவுக்கோ போவீர்கள். மற்றவர்கள் அண்ணனோ அக்காவோ விட்டுப்போன கொப்பியைப் பார்த்துத் தனியே படிப்பீர்கள். அப்படிப் படிக்கிறவர் முதலில் சறுக்குகிற இடம் திரிகோண கணிதம். அந்த இடத்தைப் பற்றி மட்டும் பேசுவோம்.

பதினோராம் தரத்தில் நீங்கள் படித்தது செங்கோண முக்கோணியை. செம்பக்கத்தின் கீழ் எதிர்ப்பக்கம் சைன்; செம்பக்கத்தின் கீழ் அயற்பக்கம் கோசைன்; அயற்பக்கத்தின் கீழ் எதிர்ப்பக்கம் தான்சன். தென்னையின் உயரம் கண்டீர்கள், வெளிச்சவீட்டு உச்சியிலிருந்து வள்ளம் தெரியும் இறக்கக்கோணம் கண்டீர்கள், புள்ளியும் எடுத்தீர்கள். பன்னிரண்டாம் தரத்தில் கொப்பியின் மட்டைக்கு உறை போட்டு முடியுமுன் ஒரு கேள்வி வரும்: சைன் 120° எவ்வளவு?

பழக்கதோஷத்தில் கை முக்கோணி கீறப் போகும். ஒரு மூலையில் 90°, இன்னொரு மூலையில் 120°. இரண்டும் சேர்ந்தாலே 210° ஆகிறது. ஒரு முக்கோணி முழுவதற்கும் உள்ளதோ 180° தான். மூன்றாவது மூலைக்கு இடமில்லை. சரி, அட்டவணையைப் பார்ப்போம் என்று புத்தகத்தைத் திறந்தால், அதுவும் 90° இல் நின்றுவிடும். படித்த வரைவிலக்கணமும் உதவாது, பார்த்துப் பழகிய அட்டவணையும் உதவாது.

அந்த நேரத்தில் பெரும்பாலான பிள்ளைகளின் கையில் கொடுக்கப்படுவது ஒரு சூத்திரக் கோவை. "எல்லாம், சைன், தான், கோஸ்" என்று நாலு கால்வட்டத்துக்கும் ஒரு மந்திரம். பிறகு 180° சய தீற்றா, 180° சக தீற்றா, 90° சக தீற்றா, 360° சய தீற்றா என்று ஒவ்வொன்றுக்கும் மூன்று வரி. பாடமாக்குவதை நான் இழிவாகச் சொல்லமாட்டேன். பரீட்சை மண்டபத்தில் அது நேரத்தை மிச்சப்படுத்தும். ஆனால் எதிலிருந்து சுருக்கிய சுருக்கம் என்று தெரியாதவருக்கு, ஒரு சயக்குறி மறந்துபோனால் அதை மீட்டெடுக்க வழியில்லை. இந்தக் கோவை முழுவதும் ஒரே ஒரு வட்டத்திலிருந்து இறங்கி வந்தது. அந்த வட்டத்தைப் பார்த்தவர் கோவையைத் தொலைத்தாலும் இரண்டு நிமிடத்தில் திரும்ப எழுதிவிடுவார்.

வீட்டில் ஒரு சைக்கிள் இருக்கும். அதைக் கவிழ்த்து, சீற்றும் ஹாண்டிலும் நிலத்தில் படும்படி வையுங்கள். முன்சில்லு தடையில்லாமல் சுற்ற வேண்டும். சில்லின் வால்வில் ஓர் ஈர்க்கைப் பக்கவாட்டாக, அச்சாணிக்குச் சமாந்தரமாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி, நூலால் இறுக்கிக் கட்டுங்கள். ஈர்க்கு எதற்கு என்பது பிறகு தெரியவரும். சில்லின் நடுவிலிருந்து ஈர்க்குக் கட்டிய இடம்வரை அளந்து பாருங்கள். 28 அங்குலச் சைக்கிளில் ஏறக்குறைய 30 சென்ரிமீற்றர் வரும். தங்கச்சியின் சின்னச் சைக்கிளில் 20 கூட வராது. எதுவானாலும் அந்த நீளத்துக்கு 'ஒன்று' என்று பெயர் வைத்துவிட்டு, சென்ரிமீற்றரை மறந்துவிடுங்கள். அலகு வட்டம் என்று புத்தகம் சொல்வது இதைத்தான். (2009 இல் செட்டிகுளம் முகாம்களில் இருந்தபடி உயர்தரம் எழுதிய உங்கள் அண்ணாமார், அக்காமாருக்குக் கவிழ்த்து வைக்கச் சைக்கிளும் கிடைத்திராது. உங்களுக்கு இருக்கிறது, பயன்படுத்துங்கள்.)

சில்லுக்குப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். ஈர்க்கு நேர் வலப்பக்கத்தில், நடுவின் மட்டத்தில் இருக்கும் நிலை 0°. அங்கிருந்து இடஞ்சுழியாக, அதாவது மேல்நோக்கி, சில்லைத் திருப்புங்கள். எந்த இடத்தில் நிறுத்தினாலும் ஈர்க்கு நிற்கும் இடத்தைச் சொல்ல இரண்டு எண் போதும். நடுவிலிருந்து எவ்வளவு வலம் அல்லது இடம் என்பது ஒன்று. எவ்வளவு மேல் அல்லது கீழ் என்பது மற்றது. முதலாவது எண் கோசைன், இரண்டாவது எண் சைன். வலமும் மேலும் சக, இடமும் கீழும் சய. வரைவிலக்கணம் இவ்வளவுதான்.

பதினோராம் தரத்து முக்கோணி எங்கே போனது? எங்கும் போகவில்லை. 0° க்கும் 90° க்கும் இடையில் ஈர்க்கு நிற்கும்போது அதிலிருந்து நடுவின் மட்டத்துக்கு ஒரு செங்குத்துக் கோடு இறக்குங்கள். செங்கோண முக்கோணி கிடைக்கும்; அதன் செம்பக்கம் சில்லின் ஆரை, அதாவது ஒன்று. ஒன்றால் வகுத்தால் எண் மாறாது. ஆகவே எதிர்ப்பக்கமே சைன், அயற்பக்கமே கோசைன். நீங்கள் இதுவரை படித்த பாடம் இந்த வட்டத்தின் காற்பங்கு. மீதி முக்காற் பங்கைத்தான் இனிப் படிக்கப் போகிறீர்கள்.

இப்போது 120°. உச்சிக்குப் போய், அதைத் தாண்டி இடப்பக்கம் 30° சரிந்து நிற்கிறது ஈர்க்கு. உச்சிக்கு வலப்பக்கம் 30° சரிந்த நிலை 60°. இரண்டும் ஒரே மட்டத்தில் இருப்பது கண்ணுக்கே தெரியும். ஆகவே சைன் 120° உம் சைன் 60° உம் ஒன்றே, 0.866. கோசைனின் அளவும் அதே 0.5 தான், ஆனால் இடப்பக்கம் என்பதால் சய 0.5. "180° சய தீற்றா" என்ற சூத்திரத்தை நீங்கள் இப்போது ஒரு ஈர்க்கின் துணையோடு நிறுவிவிட்டீர்கள். ஈர்க்கைக் கீழே கொண்டுபோனால் மூன்றாம் கால்வட்டம்: இடமும் கீழும், ஆகவே இரண்டும் சய. நாலாம் கால்வட்டத்தில் வலம் சக, கீழ் சய. மந்திரம் தானாக வந்து விழுகிறது.

இன்னொன்று செய்யுங்கள். சில்லைச் சும்மா சுழற்றிவிட்டுப் பொறுத்திருங்கள். கிறீஸ் நன்றாக இருந்தால் அது உடனே நிற்காது. வேகம் குறைந்து, முன்னும் பின்னும் ஊசலாடி, கடைசியில் வால்வு அடியில் வந்து நிற்கும். வால்வுப் பக்கம் பாரம் கூட என்பதால் அப்படி. அதுதான் 270°: கோசைன் பூச்சியம், சைன் சய ஒன்று. 390° என்றால் ஒரு முழுச் சுற்றுக்குப் பிறகு இன்னொரு 30°. ஈர்க்கு பழைய இடத்தில்தான். சய 30° என்றால் வலஞ்சுழியாகத் திருப்புவது. வலப்பக்கத் தூரம் மாறாது, உயரம் மட்டும் கீழே போகும். இரண்டு எண்களின் வர்க்கங்களையும் கூட்டினால் எப்போதும் ஒன்று. பைதகரசைத் தவிர அங்கே வேறொன்றும் இல்லை.

இனி ஈர்க்கின் வேலை.

ஒவ்வொரு வருடமும் ஏப்ரல் தொடக்கத்தில் வளிமண்டலவியல் திணைக்களம் ஓர் அறிவித்தல் விடும்: சூரியனின் வடக்கு நோக்கிய இயக்கத்தால் ஏப்ரல் 5 முதல் 15 வரை இலங்கையின் இடங்களுக்கு நேராகச் சூரியன் உச்சம் கொடுக்கிறது என்று. வானொலியில் அது வெயில் செய்தியாகப் போய்விடும். வெக்கை என்று சொல்லிக்கொண்டு மோர் குடிப்போம். அதைக் கணிதச் செய்தியாகக் கேளுங்கள். வவுனியாவின் அகலக்கோடு ஏறக்குறைய 8¾° வடக்கு. அங்கே சூரியன் நேர் உச்சிக்கு வருவது ஏப்ரல் 12 அளவில். முல்லைத்தீவுக்கு 13, 14. கிளிநொச்சி 9.4° அளவில் இருப்பதால் ஏப்ரல் 14, அதாவது சித்திரைப் புத்தாண்டு நாள். மேட இராசியில் சூரியன் நுழைவதற்கும் கிளிநொச்சியின் அகலக்கோட்டுக்கும் ஒரு தொடர்பும் இல்லை, தற்செயல்தான். ஆனாலும் கைவிசேடம் வாங்கிய கையோடு செய்து பார்க்க இதைவிட நல்ல நாள் கிடையாது. நேரம் பன்னிரண்டு மணியும் அல்ல. எங்கள் மணிக்கூடு 82½° கிழக்கு நெடுங்கோட்டுக்கு வைத்தது. நாங்கள் இருப்பது 80½° அளவில். பாகைக்கு நாலு நிமிடம் என்று கணக்குப் பார்த்தால், உச்சிப்பொழுது வருவது 12.09 ஐ ஒட்டி.

அந்த நேரத்தில் முற்றத்தில் கவிழ்த்து வைத்த சைக்கிளின் முன்சில்லைப் பாருங்கள். அதன் நிழல் வட்டமாக விழாது. தரையில் ஒரு கோடாக, ரயரின் தடிப்புக்கு ஒரு கறுப்புக் கோடாக விழும். வால்வின் நிழலை அந்தக் கோடு விழுங்கிவிடும். பக்கவாட்டாக நீட்டிக்கொண்டிருக்கும் ஈர்க்கின் நிழல் மட்டும் வெளியே தெரியும். சில்லை ஒரே வேகத்தில், ஆறுதலாகச் சுற்றுங்கள். ஈர்க்கின் நிழல் கோட்டின் ஒரு நுனியிலிருந்து மறு நுனிக்குப் போய்த் திரும்பி வரும். அச்சாணிக்கு நேர் கீழே ஒரு கல்லை வைத்து, கல்லிலிருந்து அந்த நிழல் எவ்வளவு தூரம் என்று எந்தக் கணத்திலும் அளந்தால், அது கோசைன். 60° இல் 15 சென்ரிமீற்றர், அதாவது பாதி. 90° இல் நிழல் கல்லின் மேலேயே விழும். 120° இல் கல்லுக்கு மறுபக்கம், அதே 15.

இன்னொன்றையும் கவனிப்பீர்கள். சில்லு ஒரே வேகத்தில் சுற்றினாலும் நிழல் ஒரே வேகத்தில் ஓடாது. கல்லைக் கடக்கும்போது விரைகிறது. நுனிகளை நெருங்கும்போது தயங்கி, நின்று, திரும்புகிறது. கோசைன் வரைபு உச்சியில் ஏன் உருண்டையாக இருக்கிறது, அச்சை வெட்டும் இடத்தில் ஏன் மிகச் சரிவாக இறங்குகிறது என்று கொப்பியில் கீறும்போது யோசிப்பீர்கள் அல்லவா, காரணம் இதுதான்.

சைனுக்குப் படுத்த வெளிச்சம் வேண்டும். காலையில் பொழுது கிளம்பிய உடனே சில்லின் விளிம்பு சூரியனை நோக்கும்படி வைத்து, அப்பால் ஒரு வெள்ளைச் சுவர் இருந்தால், ஈர்க்கின் நிழல் சுவரில் மேலும் கீழுமாக ஏறி இறங்கும். மரங்கள் மறைத்தால் இரவில் கைப்பேசியின் ரோச்சை ஐந்தாறு மீற்றர் தள்ளி, அச்சாணியின் மட்டத்தில் பிடியுங்கள். அளவு சரியாக வராது, ஆட்டம் சரியாக வரும்.

சைன் என்னும் இந்த உயரத்தை முதலில் அட்டவணையாக்கியவர்களில் ஒருவர் ஆரியபட்டர். கி.பி. 499 அளவில் எழுதிய ஆரியபட்டீயத்தில் அவர் சைனைச் செங்கோண முக்கோணியின் விகிதமாகச் சொல்லவில்லை. வட்டத்தின் நாணைப் பாதியாக்கினார். சில்லில் செய்து பார்க்கலாம். நடுவின் மட்டத்துக்கு மேலே 30° இல் ஒரு அடையாளம், கீழே 30° இல் ஒரு அடையாளம். இரண்டுக்கும் இடையில் நூலை இழுத்துப் பிடித்தால் அது நாண். நடுவிலிருந்து இரண்டு அடையாளத்துக்கும் உள்ள தூரம் ஆரை. இடையில் உள்ள கோணம் 60°. ஆகவே சமபக்க முக்கோணி. நாணும் ஆரைக்குச் சமன். அதன் பாதிதான் மேல் அடையாளத்தின் உயரம். சைன் 30° சரியாக அரை என்பதற்கு நிறுவல் இதுவே.

அவருடைய ஆரை ஒன்று அல்ல, 3438. ஏன் அப்படி ஒரு எண்? ஒரு பாகைக்கு 60 கலை. வட்டம் முழுவதும் 21,600 கலை. பரிதி 21,600 என்றால் ஆரை எவ்வளவு என்று இரண்டு பையால் வகுத்தால் 3438 வரும். அதாவது வில்லையும் ஆரையையும் ஒரே அலகால் அளந்தார். 3° 45' இடைவெளியில் 24 பெறுமானங்கள். எட்டாவது, 30° க்கு உரியது, 1719. 3438 இன் பாதி. முதலாவது 225. 3° 45' என்பதும் 225 கலைதான். சின்னக் கோணத்தில் வில்லும் சைனும் வேறுபடுவதில்லை என்பது ஆயிரத்தைந்நூறு வருடத்துக்கு முந்திய அட்டவணையின் முதல் வரியிலேயே இருக்கிறது. நீங்கள் எல்லைகள் படிக்கும்போது இதை இன்னொரு உடுப்பில் சந்திப்பீர்கள். வாக்கிய பஞ்சாங்கமோ திருக்கணிதமோ, வீட்டில் எதைப் பார்த்தாலும், அதற்குள் இருக்கும் கிரகநிலைக் கணிப்பின் அடியில் சைன் இருக்கிறது.

இந்த 3438 ஐ 60 ஆல் வகுத்துப் பாருங்கள்: 57.3. உங்கள் புத்தகத்தில் ஆரையன் என்று ஒன்று வந்து பலரை மிரட்டும். அதன் அளவு 57.3°. சைக்கிளை நிமிர்த்தி வையுங்கள். நடுவிலிருந்து ரயரின் வெளி விளிம்புவரை, ஏறக்குறைய 35 சென்ரிமீற்றர், ஒரு நூல் வெட்டி ரயரின் மேல் வளைத்து ஒட்டுங்கள். அந்த வில்லுக்கு நடுவில் உண்டாகும் கோணம் ஓர் ஆரையன். சைக்கிளை அவ்வளவு உருட்டினால் அது ஓர் ஆரை தூரம், 35 சென்ரிமீற்றர், முன்னே போயிருக்கும். முழுச் சுற்றுக்கு அப்படி ஆறு நூலும் இன்னும் கொஞ்சமும், 6.28, வேண்டும். 360 என்ற எண் மனிதர் வைத்தது, 6.28 ஐ யாரும் வைக்கவில்லை, எந்தச் சில்லிலும் அதுவே வரும். உயர்தரத்தில் பாகை ஏன் பின்னுக்குப் போய் ஆரையன் முன்னுக்கு வருகிறது என்பதற்கு இப்போதைக்கு இது போதும்.

தான்சனுக்கு ஒரு தடி தேவை. ஈர்க்கு 0° இல் இருக்கும் இடத்தைத் தொட்டுக்கொண்டு ஒரு நீளத் தடி செங்குத்தாக நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவிலிருந்து ஈர்க்கினூடாகப் போகும் கோட்டை நீட்டினால் அது தடியை எந்த உயரத்தில் வெட்டுகிறதோ, அந்த உயரம் தான்சன். 45° இல் ஒன்று. 60° இல் 1.73. 80° இல் 5.67. 89° இல் 57.3, அதே எண்தான், அது ஏன் என்று நீங்களே கண்டுபிடியுங்கள். 90° இல் கோடு தடிக்குச் சமாந்தரமாகிவிடும், வெட்டவே வெட்டாது. கணிப்பான் 'வழு' என்று காட்டுவது அதனால். 120° இல் கோட்டைப் பின்பக்கமாக நீட்டித்தான் தடியைப் பிடிக்கலாம். வெட்டுவது கீழே, சய 1.73 இல்.

தான்சன் 90° ஐ யாரும் பார்க்க முடியாது, ஆனால் அதன் தலைகீழான கோதான்சன் 90° ஐ ஏப்ரல் 14 அன்று கிளிநொச்சியில் பார்க்கலாம். ஒரு மீற்றர் தடியை நிமிர்த்தி நட்டால் அதன் நிழலின் நீளம் சூரியனின் ஏற்றக்கோணத்தின் கோதான்சன். அன்று சூரியன் ஏறக்குறைய நேர் செங்குத்தாக, மணிக்கு 15° வீதம் ஏறும். காலை 7.09 க்கு நிழல் ஏறக்குறைய 3.4 மீற்றர். 8.09 க்கு 1.7. 9.09 க்குத் தடியும் நிழலும் ஏறக்குறையச் சமன். 10.09 க்கு 57 சென்ரிமீற்றர், 11.09 க்கு 26, 12.09 க்கு ஒன்றுமில்லை; தடி தன் அடியிலேயே நிழலை வைத்துக்கொண்டு நிற்கும். சம நேரத்தில் சூரியன் சம கோணம் ஏற, நிழல் மட்டும் இப்படி ஒழுங்கில்லாமல் சுருங்குவதை ஒரு கடதாசியில் குறித்து வரைபு கீறினால், கோதான்சன் வரைபின் ஒரு துண்டு உங்கள் கையெழுத்தில் கிடைத்துவிடும்.

அந்தத் திகதியையும் சைனே சொல்லும். சூரியன் மார்ச் 20 அளவில் மத்திய கோட்டுக்கு மேல், ஜூனில் 23.4° வடக்குவரை போய்த் திரும்பும். வருடம் முழுவதையும் ஒரு சுற்றாக எடுத்தால், மார்ச் 20 க்குப் பின் 24 நாள் என்பது 365 இன் கீழ் 24 ஐ 360° ஆல் பெருக்க, 23.7°. அதன் சைன் 0.40. 23.4 ஐ அதனால் பெருக்க 9.4. கணக்கு ஏப்ரல் 13 என்கிறது. வானத்தில் நடப்பது 14 ஐ ஒட்டி. பூமியின் பாதை சரியான வட்டமல்ல, நான் எடுத்த சூத்திரமும் சுருக்கமானது. ஒரு நாள் பிசகுக்குள் பிடித்ததே பெரிய காரியம்.

"இதெல்லாம் சரி சேர், 120° இன் சைன் யாருக்கு வேண்டும்?" என்று வகுப்பில் ஒருவர் கேட்பார். கேட்க வேண்டிய கேள்வி. ஏ9 வீதியால் ஆனையிறவைத் தாண்டிப் போனால் பளையில் காற்றாலைகள் தெரியும். ஒவ்வொன்றுக்கும் மூன்று இறகு. இரண்டு இறகுக்கு இடையில் 120°. மூன்று நுனிகளும் எந்த உயரத்தில் இருக்கின்றன என்று ஏதாவது ஒரு கணத்தில் நிறுத்திப் பார்த்தால் மூன்றும் வெவ்வேறாக இருக்கும். அடுத்த கணத்தில் மூன்றும் மாறியிருக்கும். ஆனால் மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்தால், எந்தக் கணத்திலும் ஒரே விடை: நடு அச்சின் உயரம். காரணம், தீற்றாவின் சைனும், தீற்றா சக 120° இன் சைனும், தீற்றா சக 240° இன் சைனும் சேர்ந்தால் பூச்சியம். உங்கள் சில்லில் 120° இடைவெளியில் மூன்று ஈர்க்குக் கட்டி உச்சிவெயிலில் சுற்றினால் இது கண்ணுக்குத் தெரியும். ஒன்று வலப்பக்க நுனியில் நிற்கும்போது மற்ற இரண்டின் நிழலும் இடப்பக்கத்தில் பாதித் தூரத்தில்: ஒன்று சய அரை சய அரை, பூச்சியம். இறகுகள் எந்த நிலையில் நின்றாலும் பாரம் சமநிலையில் இருப்பது இதனால்தான். இல்லாவிட்டால் வால்வுப் பக்கம் தொங்கும் உங்கள் முன்சில்லைப் போல ஒரு இறகு எப்போதும் கீழே வந்து நிற்கப் பார்க்கும்.

அதே மூன்று 120° கள் உங்கள் ஊர் வீதியோரத்திலும் போகின்றன. 33 கிலோவோல்ற்று மின்கம்பங்களில் மூன்று கம்பி இருக்கும், எண்ணிப் பாருங்கள். நுரைச்சோலை மின்நிலையத்தில் சுழலும் மின்பிறப்பாக்கி செக்கனுக்கு 50 சுற்றுச் சுற்றுகிறது. அதன் சுருள்கள் 120° இடைவெளியில் வைக்கப்பட்டிருப்பதால் மூன்று கம்பியிலும் மூன்று சைன் அலைகள், ஒன்றுக்கொன்று மூன்றில் ஒரு சுற்றுப் பின்தங்கி. மூன்றிலும் சுமை சமனாக இருந்தால் அவற்றின் மின்னோட்டங்களின் கூட்டுத்தொகை எந்தக் கணத்திலும் பூச்சியம். ஆகவே போன மின்னோட்டம் திரும்பி வருவதற்கென்று மூன்று கம்பிக்கு மூன்று கம்பி வேறாக இழுக்க வேண்டியதில்லை. ஒரு நாடு முழுவதற்கும் எவ்வளவு செம்பும் அலுமினியமும் மிச்சம் என்று யோசியுங்கள். கிளிநொச்சி அறிவியல்நகரில் இருக்கும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடத்துக்கு உங்களில் யாராவது போனால், இந்த மூன்று அலையையும் அங்கே மறுபடி சந்திப்பீர்கள். வவுனியாப் பல்கலைக்கழகத்தில் பிரயோக விஞ்ஞானம் படிக்கப் போனாலும் சைன் விட்டுவிடாது.

உங்களுக்குக் கற்பிக்கப்போகும் ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை, கோபிக்க வேண்டாம். பாடத்திட்டம் நீளம், தவணை கட்டை, எனக்கும் தெரியும். ஆனால் பன்னிரண்டாம் தரத்தின் முதல் திரிகோண கணிதப் பாடவேளையில் பலகையில் சூத்திரம் எழுதுவதற்குப் பதில் ஒரு சில்லை வகுப்புக்குள் உருட்டிக்கொண்டு வந்தால், பின்னால் கூட்டுக்கோணச் சூத்திரங்களுக்கு வரும்போது அந்த நாற்பது நிமிடமும் வட்டியோடு திரும்பிவிடும். பாடசாலைச் சைக்கிள் கொட்டகையில் சில்லுக்குப் பஞ்சமில்லை.

ஏப்ரல் 14 அன்று முகில் மறைத்தாலோ, கோயிலுக்கும் சொந்தக்காரர் வீட்டுக்கும் போய் நேரம் தவறினாலோ கவலைப்பட வேண்டாம். சூரியன் தெற்கே திரும்பும்போது ஓகஸ்ட் 28, 29 அளவில் கிளிநொச்சியையும், ஓரிரு நாள் கழித்து வவுனியாவையும் மறுபடி கடக்கும். நேரம் அதே 12.10 க்குச் சற்று முன்பின். மற்ற நாட்களிலும் முழுக்க வீணில்லை. உச்சிப்பொழுதில் சில்லைக் கிழக்கு மேற்காக வைத்தால், நிழல் வடக்கேயோ தெற்கேயோ சரிந்தாலும், கிழக்கு மேற்குத் தூரம் கோசைனாகவே இருக்கும். அது ஏன் என்பதை உங்களுக்கே விட்டுவிடுகிறேன்.

இன்னொரு கேள்வியும் விடுகிறேன். பளையில் ஒரு இறகு நுனி மேலே ஏறிக்கொண்டிருக்கிறது. அதன் உயரம் சைன். அந்த உயரம் கூடுகிற வேகம் எந்த இடத்தில் மிக அதிகம், எந்த இடத்தில் பூச்சியம், எந்த இடத்தில் பாதி? விடையை 0° இலிருந்து 360° வரை ஒரு வரைபாகக் கீறி, அது உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த எந்த வரைபு என்று பாருங்கள். வகையீடு தொடங்கும் நாளில் உங்கள் ஆசிரியர் அதைத்தான் பலகையில் எழுதுவார்.

அன்புடன்,
கிளிநொச்சியிலிருந்து ஒரு கணித ஆசிரியர்